இரண்டு டெராபைட்டுக்கு அந்தப் பக்கம்

தம்பிக்காரனுக்குப் பேச்சு வராத காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் அவன் அலுவலகத்தில் ஒருத்தரும் நம்ப மாட்டார்கள். அங்கே அவனுக்குப் பட்டப்பெயரே ரேடியோ. சர்வர் அறைக்குள் ஏதோ பழுதென்று யாராவது எட்டிப்பார்த்தால் போதும், அது ஏன் வந்தது, இதற்கு முன்னால் எப்போது வந்தது, வேறு எவன் கையிலாவது மாட்டியிருந்தால் என்ன கதியாகியிருக்கும் என்பது வரை சொல்லித்தான் அனுப்புவான். சொந்தக்காரர்களுக்கு மட்டும் அவன் வேலை கடைசிவரை பிடிபடவில்லை. சர்வர் வேலை என்றதும் எந்த ஓட்டலில் என்று கேட்ட பெரியப்பா ஒருவர் உண்டு. அவருக்கு விளக்கிச் சொல்லி அலுத்துப்போய், "பெரிய ஓட்டல்தான் பெரியப்பா" என்று முடித்துக்கொண்டான்.

அந்த வாயைத் திறந்துவிட்டவள் அக்கா. பத்து வயதில் அவனுக்குத் திக்குவாய். சொந்தப் பெயரைச் சொல்வதற்குள் முகம் சிவந்து, கழுத்து நரம்பு புடைத்து, கடைசியில் பக்கத்தில் இருக்கிற பையன்தான் சொல்லி முடிப்பான். வீட்டில் மட்டும் என்ன வாழ்ந்தது? அவன் 'த' என்று தொடங்கினால் அம்மா தண்ணீரோடு வந்து நிற்பாள். அவன் கேட்க வந்தது தலையணையாக இருக்கும். வாயை மூடிக்கொண்டு தண்ணீரைக் குடித்துவிட்டுப் போவதே அவனுக்குச் சுலபமாக இருந்தது.

பேச்சுப் பயிற்சி கொடுக்கும் படிப்பில் அப்போதுதான் சேர்ந்திருந்த அக்காவுக்குப் பழகிப்பார்க்க ஓர் ஆள் தேவைப்பட்டது. வீட்டிலேயே ஒருவன் தண்டமாகக் கிடந்தான். சாயங்காலமானால் அவனை மேசைக்கு முன்னால் உட்காரவைத்து, கேசட் ரெக்கார்டரை ஓடவிட்டு, பேசச் சொல்வாள். அவளுக்கு ஒரு கட்டுப்பாடு இருந்தது. அவன் தொடங்கிய சொல்லை அவன்தான் முடிக்க வேண்டும். எவ்வளவு நேரம் ஆனாலும் அவள் எடுத்துக்கொடுக்க மாட்டாள். "அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்" என்பாள். அதற்குமேல் ஒரு வார்த்தை பேச மாட்டாள்.

பிறகு அக்கா அதையே தொழிலாக்கிக்கொண்டாள். ஒரு மருந்துக்கடைக்கு மேலே மாடியில் இரண்டு அறையும் வாசலில் ஒரு பெஞ்சும்தான் அவளுடைய பயிற்சி நிலையம். அங்கே வருகிற ஒவ்வொருவரையும் முதல் நாளே பதிவு செய்துவிடுவாள். கடைசி நாளன்று வேறெதுவும் கிடையாது. அந்த முதல் நாளைப் போட்டுக் காட்டுவாள். தான் எப்படி இருந்தோம் என்பது மனிதர்களுக்கு எவ்வளவு சீக்கிரம் மறந்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். கேட்பவர்கள் சிலர் சிரிப்பார்கள், பலர் அழுவார்கள். "முதல் நாள் இல்லேன்னா கடைசி நாளுக்கு ஒரு மரியாதையும் இல்ல" என்பாள் அக்கா.

தம்பியின் கடைசி நாள் மட்டும் நடக்கவே இல்லை. பேச்சு திருந்தியதும் அவன் அந்த மேசைப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை. கேசட்டுகளில் இருந்ததை அக்கா கணினிக்கு ஏற்றிவைத்தாள். கேசட்டுகள் அப்புறம் பூஞ்சை பிடித்துப் போயின. அவளுடைய சேகரிப்பின் முதல் ஃபோல்டருக்குத் தம்பி என்றுதான் பெயர். "அதைத் தூக்கிப்போடேன்க்கா" என்று அவன் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறான். அக்கா சிரித்துக்கொண்டே பேச்சை மாற்றிவிடுவாள்.

இப்படியிருக்கையில் அக்காவின் பழைய கணினி படுத்துவிட்டது. குரலை அளந்து கோடுபோட்டுக் காட்டும் ஒரு மென்பொருளை அவள் தொடக்கத்திலிருந்து பயன்படுத்திவந்தாள். அதைச் செய்த கம்பெனியே இப்போது இல்லை. பழைய இயங்குதளத்தில்தான் அது ஓடும், புதியதில் ஏற்றினால் முரண்டு பிடிக்கும். தம்பி காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினான். அலுவலகத்தில் கழித்துக்கட்டிய ஒரு சர்வரைக் கேட்டு வாங்கிவந்து, மாடியில் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தினான். அதற்குள்ளே ஒரு மெய்நிகர் கணினியை உண்டாக்கினான். அதாவது கணினிக்குள் இன்னொரு கணினி. உள்ளே இருப்பது தான் பழைய காலத்துப் பெட்டியில்தான் ஓடுகிறோம் என்று நம்பிக்கொண்டிருக்கும். அதில் அக்காவின் மென்பொருளை ஏற்றியதும் பழையபடியே கோடு வந்தது. அக்காவுக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

மிச்சம் இருந்தது டிஸ்க். இங்கேதான் ரேடியோ தன் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டினான்.

டிஸ்க் என்பது எண் போட்ட சின்னச் சின்னப் பெட்டிகளின் வரிசை. எது எந்தப் பெட்டியில் இருக்கிறது என்று கணினி எண்ணை வைத்துத்தான் தேடும். அந்தப் பழைய ஏற்பாட்டில் எண் எழுத ஒதுக்கிய இடம் சிறியது. இரண்டு டெராபைட்டைத் தாண்டினால் எண் அதற்குள் அடங்காது. அவன் வாங்கிவந்த டிஸ்க்கோ மூன்று டெராபைட். நாலும் தெரிந்தவர்கள் இந்த இடத்தில் மேலே இருப்பது போனால் போகிறது என்று விட்டுவிடுவார்கள். இவன் விடவில்லை. டிஸ்க்கின் முதல் பெட்டியில் பார்ட்டிஷன் டேபிள் என்று ஓர் அட்டவணை இருக்கும். ஒவ்வொரு பகுதியும் எங்கே தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்று இரண்டே எண்களைத்தான் அது கேட்கும். எங்கே முடிகிறது என்று கேட்காது. ஒரு டெராபைட்டில் முதல் பகுதி. அது முடிகிற இடத்தில் தொடங்கி, இரண்டு டெராபைட்டுக்கு ஒரு நூல் குறைவாக இரண்டாவது பகுதி. தொடக்கமும் அடங்கியது, நீளமும் அடங்கியது. மூன்று டெராபைட்டையும் பழைய இயங்குதளம் சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டது. இந்த வித்தையை அவன் அலுவலகத்தில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தான்.

சோதித்துப் பார்க்காமலும் இல்லை. கடைசிக் கோடியில் ஒரு கோப்பை எழுதி, திரும்பப் படித்துப் பார்த்தான். எழுத்துப் பிசகாமல் வந்தது. பிறகு அக்காவின் பழைய பதிவுகளை வருஷ வரிசைப்படி முதல் பகுதியில் ஏற்றினான். புதிதாக வருகிற படமும் ஒலியும் இரண்டாவது பகுதிக்குப் போகும்படி செய்தான்.

"பழைய டிஸ்க்கை நான் வச்சுக்கட்டுமா?" என்று அக்கா கேட்டாள்.

"எதுக்குக்கா? அது போற காலம் வந்தாச்சு. கழிக்கிற டிஸ்க்கை அழிக்காம வெளிய விடக்கூடாது. எங்க தொழில்ல அது ஒரு பழக்கம்."

அழித்தான். எந்தக் கொம்பனாலும் மீட்க முடியாதபடி, அந்தப் பழக்கத்தில் சொல்லியிருக்கிறபடியே, மேலே மேலே எழுதி அழித்தான். நகல் எடுக்கும் ஏற்பாடும் செய்தான்தான். ஆனால் மெய்நிகர் கணினிக்கு நேரடியாக மாட்டிய டிஸ்க்கை அந்த ஏற்பாடு தொடாது. அதைத் தனியாகச் செய்துகொள்ளலாம் என்று வைத்தான். வைத்தது வைத்தபடியே இருந்தது. ஊருக்கெல்லாம் நகல் எடு நகல் எடு என்று பாடம் நடத்துகிறவனின் லட்சணம் அது.

அக்காவோடு அவன் சண்டை போட்டது இதற்கெல்லாம் வெகுகாலம் கழித்து. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அக்கா அவன் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தாள். பேச்சுப் பயிற்சியாளர்கள் கூடும் ஒரு மாநாட்டில் அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தார்கள்.

"உன்னோட முதல் நாளைக் கொஞ்சம் போட்டுக் காட்டலாம்னு பாக்குறேன். பேர் சொல்ல மாட்டேன். போடட்டுமாடா?"

தம்பி கையிலிருந்த தம்ளரை மேசைமேல் வைத்த வேகத்தில் தண்ணீர் தெறித்தது.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையா? என்னை வச்சுத்தான் பேர் வாங்கணுமா? அதை அழிச்சுத் தொலைன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்."

அக்கா தெறித்த தண்ணீரைத் துணியால் துடைத்துவிட்டுக் கிளம்பிப்போனாள்.

அதற்கு அடுத்த மாதம், வேலைநாள் ஒன்றில், மதியம் அவளிடமிருந்து போன் வந்தது. மின்சாரம் போய்விட்டு வந்ததாகவும், அதிலிருந்து கணினி டிஸ்க்கைக் காட்டவில்லை என்றும் சொன்னாள். "ஃபார்மேட் பண்ணட்டுமான்னு கேக்குது. வேண்டாம்னு சொல்லிட்டேன். சரிதானே?"

"எதையும் தொடாதே, வரேன்" என்றான்.

மாடிக்குப் போய் உட்கார்ந்தான். அக்கா உள்ளறையில் ஒரு பெண்ணுக்குப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தாள். டிஸ்க்கின் முதல் பெட்டியைத் திறந்து பார்த்தான். அட்டவணை இருக்க வேண்டிய இடத்தில் அட்டவணை இல்லை. ஒலிப்பதிவு ஒன்றின் துண்டு கிடந்தது. அதைப் பார்த்த உடனேயே அவனுக்கு எல்லாம் விளங்கிவிட்டது. விளங்காமலே இருந்திருக்கலாம்.

அட்டவணைக்கு எண் அடங்கியது வாஸ்தவம். ஆனால் எழுதுகிறபோது அந்தப் பழைய இயங்குதளம் தொடக்கத்தையும் தூரத்தையும் கூட்டித்தானே பெட்டியின் எண்ணைக் கண்டுபிடிக்கும்? கூட்டிய தொகை இரண்டு டெராபைட்டைத் தாண்டியதும் அடங்கவில்லை. தலைப்பக்கத்து இலக்கம் உதிர்ந்துபோய், பழைய வண்டியில் கிலோமீட்டர் காட்டும் மீட்டர் எல்லா ஒன்பதும் முடிந்து பூஜ்யத்துக்குத் திரும்புமே, அப்படித் திரும்பிவிட்டது. இரண்டாவது பகுதி பாதி நிரம்பிய நாளிலிருந்து, புதிதாக வந்தவர்களின் பேச்செல்லாம் டிஸ்க்கின் தொடக்கத்தில் போய் விழுந்திருக்கிறது. முதல் பெட்டியில் இருந்த அட்டவணை அப்போதே போய்விட்டது, மின்சாரம் போய்விட்டு வந்து கணினி அதை மறுபடி தேடியபோதுதான் வெளியே தெரிந்தது. தொடக்கத்தில் இருந்தவை அக்காவின் ஆரம்ப வருஷங்கள். எல்லாவற்றுக்கும் முன்னால் இருந்தது தம்பி என்ற ஃபோல்டர்.

அவன் செய்த சோதனை ஏன் தேறியது என்பதும் இப்போது புரிந்தது. தப்பான இடத்தில் எழுதியது, அதே தப்பான இடத்திலிருந்து படித்துக் காட்டியிருக்கிறது. பொய் சொல்பவனிடமே உண்மைதானா என்று கேட்டு நிம்மதியாகப் போயிருக்கிறான் இவன்.

இரண்டு எண்களும் மனப்பாடமாக இருந்ததால் அட்டவணையைக் கையாலேயே மறுபடி எழுதினான். புதிய பதிவுகள் அத்தனையும் திரும்பி வந்தன. பழைய ஃபோல்டர்களின் பெயர்களும் வந்தன. பெயர்கள்தான் வந்தன. ஒவ்வொன்றாகத் திறந்து ஹெட்போனில் கேட்டான். கரகரவென்று இரைச்சல். அடுத்ததும் இரைச்சல். தம்பி ஃபோல்டரில் ஒரே ஒரு கோப்பு மட்டும் கொஞ்சம் வாய் திறந்தது. முதலில் இரைச்சல், பிறகு யாரோ ஒரு நடுவயது ஆளின் குரல், பஸ் நிறுத்தங்களின் பெயர்களைத் தட்டுத்தடுமாறி வரிசையாகப் படித்தது. அது சட்டென்று அறுந்தது. அறுந்த இடத்திலிருந்து வேறொரு காலத்துக் குரல், இளசாக, மூச்சுக்குப் பக்கத்தில் கேட்டது.

"அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அதற்குப் பிறகு ஒரு சிறுவன் மூச்சை இழுக்கிற சத்தம். அந்தச் சிறுவன் என்ன சொல்லவந்தான் என்பது வருவதற்குள் கேசட்டின் அந்தப் பக்கம் முடிந்துவிட்டிருந்தது.

அவன் ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுத் தேதிகளைப் பார்த்தான். எண் இரண்டு டெராபைட்டைத் தாண்டியது எப்போது என்று கணக்குப் பார்த்தால், ஞாயிற்றுக்கிழமைச் சண்டைக்கு முன்பே தாண்டிவிட்டிருந்தது. எதற்காகத் தம்ளரை மேசையில் அடித்தானோ அது அன்றைக்கே இல்லாமல் போயிருந்தது. இருவரும் காலி இடத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறார்கள்.

அக்காவிடம், "இன்னும் பாத்துட்டிருக்கேன், நாளைக்குச் சொல்றேன்" என்று மென்று விழுங்கிவிட்டு இறங்கிவந்தான்.

வீட்டில் மனைவியிடம் சொன்னபோது அவள் காய் நறுக்குவதை நிறுத்திவிட்டு அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"நெஜமாவே தானா போச்சா?"

"என்னடி கேள்வி இது?"

"அண்ணி இதைத்தான் கேப்பாங்க. வாயால கேக்கலேன்னாலும் மனசுல கேப்பாங்க. அழிச்சுத் தொலைன்னு கத்தினது நீங்க. கணினிக்கிட்டப் போறதும் நீங்க ஒருத்தர்தான்."

அவள் நறுக்கிய காயை அவன் தட்டின் ஓரமாக ஒதுக்கினான்.

"டிஸ்க் செத்துப்போச்சுன்னு சொல்லிடுங்க" என்றாள் அவள், குரலைத் தணித்துக்கொண்டு. "டிஸ்க் சாகுறது உலகத்துல நடக்காததா? அதுக்கு யாரு என்ன பண்ண முடியும்?"

அது நல்ல யோசனைதான். அக்கா மறுபேச்சில்லாமல் நம்பிவிடுவாள். ஆனால் அவன் மனதுக்குள் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது, அதை மனைவியிடமும் சொல்லவில்லை. ஃபோல்டரைத் திறந்து முதல் இரைச்சலைக் கேட்டபோது, அக்காவின் இத்தனை வருஷத்து வேலை போய்விட்டதே என்று நினைப்பதற்கு முன்னால், ஒரு கண்சிமிட்டும் நேரம், வேறொன்று தோன்றியது. அப்பாடா என்று இருந்தது. செய்தது கையல்ல, சரி. ஆசைப்பட்டது மனதுதானே? செத்துப்போன டிஸ்க்கின் மேல் பழியைப் போட்டுவிட்டு இதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

மறுநாள் காலையில் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே மாடியேறிப் போனான். அக்கா சன்னலைத் திறந்துவைத்துவிட்டு, நாற்காலிகளை நேராகப் போட்டுக்கொண்டிருந்தாள். அவன் எதிரே உட்கார்ந்து ஒன்று விடாமல் சொன்னான். பார்ட்டிஷன் வித்தை, கூட்டல், பூஜ்யத்துக்குத் திரும்பிய எண், எடுக்காமல் விட்ட நகல், அழித்துப்போட்ட பழைய டிஸ்க். வேலை சம்பந்தமான பேச்சு என்பதால் நாக்கு தடையில்லாமல் ஓடியது. பாதிக்குமேல் அக்காவுக்குப் புரிந்திருக்காது. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எவ்வளவு போச்சு?"

"முதல் ஆறேழு வருஷம். ஒண்ணு ரெண்டு துண்டு துணுக்குதான் மிச்சம்."

அக்கா சன்னலுக்கு வெளியே பார்த்தாள். அந்த வருஷங்களில் வந்துபோனவர்களை ஒவ்வொருவராக நினைக்கிறாள் என்று தெரிந்தது. அவர்களெல்லாம் இன்றைக்கும் எப்போதாவது படியேறி வந்து, என் முதல் நாளைப் போடுங்கள் என்று கேட்பவர்கள்.

"அக்கா, நான் வேணும்னு செய்யல. நீ நம்பலேன்னாலும் அதான் உண்மை."

"நம்புறேன்டா."

யோசிக்காமல் சொன்னாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பான்.

"மாநாட்டுல போடறதை நீ கத்தின அன்னைக்கே விட்டுட்டேன்" என்றாள் அக்கா. "எனக்கு அதை ஊருக்குப் போட்டுக் காட்டணும்னு ஒண்ணும் இல்ல. உனக்குத்தான் காட்டணும்னு வச்சிருந்தேன். எல்லாருக்கும் கடைசி நாள் பண்ணினேன், உனக்கு மட்டும் பண்ணல. என்னைக்காவது நீயா வந்து கேப்பேன்னு பாத்தேன்."

தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது. இதையும் கேட்டுவிட்டுச் சும்மா எழுந்துபோனால் தான் மனிதனே இல்லை என்று பட்டது.

"அக்கா, அது போச்சுன்னு தெரிஞ்சதும், முதல்ல, எனக்கு நி..."

அங்கே நின்றுவிட்டது. 'நி'யில் நாக்கு மேலண்ணத்தில் போய் ஒட்டிக்கொண்டது. மறுபடி முயன்றான். "நி... நி..." கழுத்து நரம்பு இழுத்தது. முகத்துக்கு ரத்தம் ஏறுவது தெரிந்தது. எத்தனை வருஷமாயிற்று இது வந்து. ஓடிப்போய்விட்டது என்றல்லவா நினைத்திருந்தான்? வேறு வார்த்தை போட்டுத் தப்பிக்கலாம். அவனுக்கு ஆயிரம் வார்த்தை தெரியும். தப்பிக்க மனம் வரவில்லை.

அவன் என்ன சொல்லவருகிறான் என்பது அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. கண்ணிலேயே தெரிந்தது. ஒரு வார்த்தைதானே, அவளே சொல்லி முடித்திருக்கலாம், இருவருக்கும் பாரம் குறைந்திருக்கும். அவள் சொல்லவில்லை. கையிலிருந்த பேனாவை மேசைமேல் வைத்துவிட்டு, கைகளை மடியில் கோத்துக்கொண்டு, காத்திருந்தாள். கீழே மருந்துக்கடையின் கதவை மேலே தள்ளித் திறக்கும் சத்தம் கேட்டு ஓய்ந்தது.

"நிம்மதியா இருந்துச்சுக்கா" என்றான் கடைசியில். "ஒரு நிமிஷம். நிம்மதியா இருந்துச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். அவள் கண்ணும் நிறைந்திருந்தது.

மேசையின் ஓரத்தில் ஒலிப்பதிவுக் கருவி இருந்தது, விளக்கு எரியாமல். தம்பி அதைப் பார்த்தான்.

"இதையாவது பதிவு பண்ணியிருக்கலாமேக்கா. இப்பத் திக்கினதை."

"பண்ணி எங்கடா வைக்கிறது?"

குத்திக்காட்டுவதற்காகக் கேட்கவில்லை அவள். நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள். டிஸ்க் அளவைப் பற்றி யார் எது கேட்டாலும் மூச்சுவிடாமல் பேசுகிற ரேடியோ அந்தக் கருவியை எடுத்துத் திருப்பிப் பார்த்துவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்தான்.

கதவு தட்டும் சத்தம் கேட்டது. சீருடை போட்ட ஒரு நடுவயது ஆள், பஸ் ஓட்டுபவர், தயங்கித் தயங்கி எட்டிப்பார்த்தார். அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து அவரை உள்ளே கூப்பிட்டாள். தம்பி வெளியே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்தான். அலுவலகத்துக்கு நேரமாகிவிட்டிருந்தது.

கதவுக்குப் பின்னால் அந்த ஆள் ஒரு நிறுத்தத்தின் பெயரைத் தொடங்கினார். முதல் எழுத்திலேயே நின்றார். மறுபடி தொடங்கினார், மறுபடி நின்றார். பிறகு அக்காவின் குரல், வயதாகிக் கொஞ்சம் கரகரத்துப்போன குரல், கேட்டது.

"அவசரமில்ல. நான் இங்கதான் இருக்கேன்."

அது தனக்குச் சொன்னதில்லை என்று தெரிந்தும் தம்பி எழுந்து போகாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தான்.